கடலில் எழுதிய கோவளம்

"என்னை இஞ்சை கரைச்சுப் போடாதேங்கோ," என்றாள் சரோஜினிதேவி. "இந்தக் கோச்சிச் சத்தத்திலை எனக்கு நித்திரை வராது."

"செத்தாப் பிறகும் நித்திரைக் கவலையோ உமக்கு?"

"உயிரோடை இருக்கிற வரைக்கும் உங்கட குறட்டை. பிறகாவது நிம்மதியாய்ப் படுக்க வேண்டாமோ? கோவளத்திலை கொண்டுபோய் விடுங்கோ. வெளிச்சவீட்டடியிலை."

"அங்கை வெளிச்சம் கண்ணிலை அடிக்கும்."

"கண்ணை மூடலாம். காதை எப்பிடி மூடுறது?"

இந்தப் பேச்சைச் சிவக்கொழுந்தர் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாரோ! கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே கிடந்த கருங்கற்களில் ஒன்றின்மேல் சால்வையை விரித்து மனைவியை உட்கார வைத்திருந்தார். டொக்டரிடம் போய்விட்டு வந்த மாலை அது. டொக்டர் சொன்னதை இருவரும் பேசவில்லை. அதைச் சுற்றிச் சுற்றித்தான் பேசினார்கள். அந்நேரம் பார்த்துப் பாணந்துறைக் கோச்சி அவர்களின் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று ஓடியது. "பாத்தியளே, நான் சொன்னனான்தானே!" என்று பந்தயத்தில் வென்றவளைப் போல அவள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே, "சரி, சரி. கோவளத்திலையே கொண்டுபோய் விடுறன்," என்றார்.

அழுதுகொண்டு கொடுத்த வாக்கைக்கூடக் காலம் போக்கிவிடும். சிரித்துக்கொண்டு கொடுத்த வாக்கு அப்படிப் போவதில்லை. மூன்று வருடங்களாக அந்த வாக்கு, சிவப்புத் துணியால் வாய் கட்டிய ஒரு செம்பாக, வாடகை வீட்டின் பின்வளவு மாமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் மரத்தில். மழைக் காலத்தில் செம்புக்கு மேலே ஒரு பழைய குடையை விரித்துக் கட்டிவிடுவார்.

யாழ்ப்பாணத்துக் காரைநகரின் கரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனைதான் கோவளம். அவருடைய தாய் தகப்பனின் சாம்பலை அந்தத் தண்ணீரில்தான் விட்டார். இப்போது அந்தக் கரை கடற்படையின் கையில் இருந்தது. அங்கே பிறந்த சனமே கிளம்பி வந்து எங்கெங்கோ இருக்கிறபோது, சாம்பலுக்கு யார் அனுமதி தருவார்கள்? கேட்டும் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கோவளப் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம் என்றார்கள். "நிலைமை சரிவரட்டும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நிலைமை சரிவரவில்லை. மாமரம் இரண்டு தரம் காய்த்து ஓய்ந்தது.

ஒருமுறை வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, பின்வளவுக்குப் போன இளம் படைவீரன் ஒருவன் துவக்கின் நுனியால் செம்பைச் சுட்டிக்காட்டி, "மே மொகத அங்கிள்?" என்று கேட்டான். இது என்ன?

"மகே நோனா," என்றார் சிவக்கொழுந்தர். என் மனைவி.

பையன் சட்டென்று துவக்கைக் கீழே இறக்கினான். தொப்பியையும் கழற்றினான். பிறகு தயங்கித் தயங்கி, கடல் அந்தா தெரிகிறதே, ஏன் இங்கே விடவில்லை என்று சிங்களத்தில் கேட்டான். அவளுக்கு அவளுடைய ஊர்க் கடல்தான் வேண்டுமாம், கோவளம் என்று பெயர் என்றார் இவர். பையனின் முகம் மலர்ந்தது. தன்னுடைய அண்ணன் கடற்படையில் அந்தப் பக்கம்தான் இருக்கிறான், கோவளத்தில் காற்று மிகவும் பலமாம் என்றான். ஏதோ தன் வீட்டு வாசலைச் சொல்வதுபோல அத்தனை இயல்பாக அந்தப் பெயரைச் சொன்னான். முன்பின் தெரியாத ஒருவன் நினைத்த நேரம் நின்று காற்று வாங்கும் இடம். சிவக்கொழுந்தருக்கோ அது வாசல் பலகையில் எழுதிய நான்கு எழுத்து.

ஆம், வாசலில் ஒரு சிறிய பலகை இருந்தது. கையெழுத்து அவருடையது. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எழுத்து அச்சு வார்த்ததுபோல இருக்கும். 'கோவளம்' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பலகைதான் முத்துலிங்கத்தை வீட்டுக்குள் கூட்டிவந்தது.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்த நாள். பஸ் இல்லை, ரெலிபோன் வேலை செய்யவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் ஏஜன்சியில் வேலை செய்த மகள் கௌரியைக் காணவில்லை என்று சிவக்கொழுந்தர் வாசலுக்கும் ஒழுங்கை முகப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி, தண்டவாளத்தோரமாக நடந்தே வந்து சேர்ந்தாள் கௌரி. கூடவே உயரமாய், மெலிவாய் ஒருவன். அதே ஏஜன்சியில் வேலை, வீடு கொட்டாஞ்சேனையில். எதிர்த்திசையில் இருக்கிற தன் வீட்டை விட்டுவிட்டு இவளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். சிவக்கொழுந்தர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவனோ பலகையைப் பார்த்துவிட்டு, "அட, எங்க ஊரு பேருல்ல இது!" என்றான்.

"தம்பியும் காரைநகரோ?"

"இல்லீங்க ஐயா. மெட்ராசுக்குத் தெக்கே ஒரு கோவளம் இருக்குங்க. எங்க பாட்டன் அங்கேருந்து இங்க ஹார்பர் வேலைக்கு வந்தவரு. நாங்கெல்லாம் பொறந்தது கொட்டாஞ்சேனையிலதான். ஆனா வீட்ல யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா கோவளம்னுதான் சொல்லுவாங்க."

சிவக்கொழுந்தர் மெதுவாக அவன் கையை விட்டார். தன் வளவுக்குள் இன்னொருவன் வேலி போட வந்ததுபோல இருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு முத்துலிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினான். கையில் எப்போதும் கொட்டாஞ்சேனை பேக்கரி ஒன்றின் கிம்புளா பணிஸ் பொட்டலம் இருக்கும். சீனி தூவிய அந்த நீளப் பணிசைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடியே சிவக்கொழுந்தர் சண்டையைத் தொடங்குவார்.

"எங்கட கோவளம்தான் காணும் முதல். உங்கட ஆக்கள் கள்ளத்தோணியிலை வந்து பேரைக் கேட்டுக்கொண்டு போயிருப்பினம்."

"பேரத் தூக்கிட்டுப் போறதுக்கு யாருங்க தோணி கட்டுவாங்க? அங்க கோட்டை இருந்துச்சுங்க, ஐயா. வெள்ளைக்காரன் சண்டை போட்ட ஊரு."

"எங்களட்டை வெளிச்சவீடு இருக்கு."

"அது நேத்துக் கட்டினதுங்க."

"அப்பா," என்று குசினிக்குள் இருந்து கௌரி குரல் கொடுப்பாள். "கோவளம் எண்ட பேருக்குக் காணி உறுதி முடிச்சு வைச்சிருக்கிறியளோ? கன்னியாகுமரியிலை ஒண்டு, கேரளாவிலை ஒண்டு. அவையள் எல்லாரையும் கோட்டுக்கு இழுக்கப் போறியளோ?"

"நீ உன்ரை தோசையைப் பார்."

ஆனாலும் அவருக்கே தெரியும். கோவளம் என்றால் கடலுக்குள் நீண்ட நிலம் என்று அகராதி சொல்கிறது. கடலுக்குள் கை நீட்டிய நிலத்தை எங்கே கண்டாலும் தமிழ்ச்சனம் அப்படித்தான் கூப்பிட்டிருக்கும். யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. இதை அவர் முத்துலிங்கத்திடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சண்டை தேட வேண்டும்.

முன்னறைச் சுவரில் அவர் வரைந்த வடபகுதிக் கரையோரப் படம் ஒன்று தொங்கியது. ஒருநாள் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்ற முத்துலிங்கம் கேட்டான்:

"ஏங்க ஐயா, ஊரு நெலத்துல இருக்கு. பேரத் தண்ணியில எழுதியிருக்கீங்களே?"

"நிலத்திலை ரோட்டு, குளம், கோயில், எல்லை எல்லாம் நெருக்கி அடிச்சுக்கொண்டு கிடக்கும். அங்கை இடம் இல்லை. கரையோர ஊர் எண்டால் பேரைக் கடலிலைதான் எழுதுறது. எல்லாரும் அப்பிடித்தான்," என்றார் அவர், பணிசைக் கடித்தபடி.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே வீட்டில் இன்னொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. முத்துலிங்கம் வருகிற நாளில் கௌரி தலைக்குப் பூ வைத்தாள். அவன் போன பிறகு ஒழுங்கை முகப்பு வரை அவள் பார்வை போய் வந்தது. முப்பதைத் தாண்டிய மகள். கனடாவிலிருந்து வந்த இரண்டு சம்பந்தங்களை ஒரு காரணமும் சொல்லாமல் தட்டிக் கழித்தவள். சிவக்கொழுந்தர் படம் வரைகிறவர். ஒரு கோடு எங்கே போய் முடியும் என்று பார்க்கத் தெரியாதவரல்ல.

அவருக்கு அவனைப் பிடிக்கும். பிடிக்காமலா மற்ற நாட்களில் பணிஸ் பொட்டலம் இல்லாத தேநீர் சப்பென்று இருந்தது? ஆனால், "எந்தப் பகுதி, என்ன சாதிசனம்?" என்று ஊர்ச்சனம் கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது? காரைநகரான் கொட்டாஞ்சேனையில் சம்பந்தம் செய்தான் என்று கலியாண வீடுகளில் கதைப்பார்கள். அந்தப் பேச்சுக்கு அவர் பயந்தார். பயத்தை வெளியே காட்டாமல் இருக்க அவருக்கு ஒரு நல்ல மறைப்பு இருந்தது: மாமரத்துச் செம்பு. அஸ்தி கரைக்காமல் வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது. எல்லாருக்கும் தெரிந்த முறை அது. முத்துலிங்கத்தின் தாய் மயிலம்மாவும் அப்படித்தான் சொல்லியனுப்பியிருந்தாள்: "அந்தப் புண்ணியவதியக் கரை சேர்த்துட்டுச் சொல்லுங்க. நாங்க தட்டோட வர்றோம்."

கௌரி இதைத் தகப்பனிடம் சொன்ன விதம் அவருக்கு மறக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். பதிலுக்குக் காத்திராமல் ரசம் எடுக்கப் போய்விட்டாள். அதன் பிறகு ஒரு வருடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பார்.

முத்துலிங்கம் வேலை விஷயமாக அவ்வப்போது சென்னைக்குப் போய்வருவான். முதல் தடவை அவன் பயணம் சொல்ல வந்தபோதே சிவக்கொழுந்தரின் மனதில் அந்த எண்ணம் மின்னியது. அங்கேயும் ஒரு கோவளம் இருக்கிறது, அங்கேயும் கடல்தான். இருதயத்துக்கு மருந்து விழுங்குகிற தன்னை டொக்டர் விமானம் ஏற விடமாட்டார். ஆனால் இவன் கொண்டுபோகலாம். எண்ணம் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அஸ்தி கரைக்கிறவன் மருமகன். செம்பை ஒருவன் கையில் கொடுப்பதும் பெண்ணைக் கொடுப்பதும் ஒன்றுதான். அது போக, சரோஜினி கேட்டது தன் ஊர்க் கோவளம் அல்லவா? இன்னொருவனுடைய கோவளத்தில் விட்டால் வாக்குத் தப்பியவன் ஆகமாட்டாரா?

"ஏதாச்சும் வேணுங்களா ஐயா? வாங்கிட்டு வர்றேன்," என்பான் அவன், ஒவ்வொரு பயணத்திலும்.

"ஒண்டும் வேண்டாம், தம்பி," என்பார் இவர், ஒவ்வொரு பயணத்திலும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த ஐப்பசியில் மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரி ஐறீன் இறங்கி வந்தாள். பறங்கிப் பெண்மணி, தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள்.

"மிஸ்டர் சிவா, நான் மெல்பனுக்குப் போறது. மகன் கூப்பிடுறான். இந்த வீடு குடுத்தாச்சு. பெரிய ஃபிளாட் வரும். தையிலை உடைப்பாங்க."

"மரம்?" என்று கேட்டார் சிவக்கொழுந்தர். அவருக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

"மரமும் போகும். என்ன செய்யிறது? சிங்களத்திலை வெல்ல எண்டா கடற்கரை மணல், வத்த எண்டா தோட்டம். அதுதானே வெள்ளவத்த? இப்ப தோட்டம் எங்க, மணல் எங்க? பேரு மட்டும் இருக்கும்." பின்வளவைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கட வைஃப், பாவம். எங்க கொண்டுபோவீங்க?"

கௌரி பாமன்கடைப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட் பார்த்து வைத்தாள். இரண்டு அறை, ஒரு குசினி, துணி காயப்போட இரண்டடி பல்கனி. பார்த்துவிட்டு வந்த சிவக்கொழுந்தர் அன்று முழுக்க மாமரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் வெளி என்று ஓர் இடம் இல்லை. செம்பை வீட்டுக்குள்ளும் வைக்க முடியாது. மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட கணக்கு அவருக்கு முன்னால் வந்து குந்தியிருந்தது.

கார்த்திகையின் ஒரு ஞாயிறு. முத்துலிங்கம் வந்தான். வியாழக்கிழமை சென்னைக்குப் போவதாகச் சொன்னான். வழமைபோலத் தேநீர் வந்தது, பணிஸ் வந்தது. சண்டை மட்டும் வரவில்லை. அவனே பேச்சைத் தொடங்கினான்.

"போன தடவ நான் கோவளத்துக்குப் போனேங்க, ஐயா. உங்ககிட்ட சொல்லல."

"ஏன்? எங்கட வெளிச்சவீடு மாதிரி அங்கை ஒண்டும் இல்லையெண்டோ?"

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு சரியாக ஏறவில்லை. "எங்க பாட்டன் பேரச் சொல்லி ஒவ்வொரு தெருவாக் கேட்டேன். யாருக்கும் தெரியல. நம்ம வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட அங்க இல்லீங்க. சரின்னு கடக்கரையில போயி நின்னேன். வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவரு, 'எந்த ஊருப்பா?'ன்னாரு. நான் பழக்கத்துல கோவளம்னு சொல்லிட்டேன். அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. 'கோவளத்துல நின்னுக்கிட்டுக் கோவளம்னு எங்கிட்டயே சொல்றியே!'ன்னு."

குசினி வாசலில் கௌரி வந்து நின்றாள்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டார் சிவக்கொழுந்தர்.

"என்னத்தச் சொல்றது? கொழும்புன்னேன். பாவம்னு நெனச்சாரோ என்னமோ, ஒரு கருவாட்டக் கையில குடுத்து அனுப்பினாரு." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "ஆனா காத்து நல்லா இருந்துச்சுங்க. ரயில் சத்தம் எதுவும் இல்ல. அலை மட்டுந்தான்."

சிவக்கொழுந்தர் நிமிர்ந்தார். கோச்சிச் சத்தத்தைப் பற்றிச் சரோஜினி சொன்னது இவனுக்குத் தெரியுமா? மகளைப் பார்த்தார். தான் சொல்லவில்லை என்பதுபோல அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். அவன் சும்மாதான் சொல்லியிருக்கிறான்.

நாளைக்கே பாதை திறந்து, தான் காரைநகரில் போய் இறங்கினாலும் கடற்படைப் பையன் ஒருவன் வழிமறித்து, எந்த ஊர் என்று தன்னையும் கேட்பான். தானும் இவனைப்போல விழித்துக்கொண்டு நிற்கப் போகிறவர்தான் என்று பட்டது அவருக்கு. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நிற்கிற இரண்டு பேர். அவர்கள் எந்த உரிமைக்காக இத்தனை ஞாயிறு சண்டை போட்டார்கள்?

கண்கள் தாமாகவே சுவர்ப் படத்துக்குப் போயின. அவருடைய இளமைக்கால எழுத்து. கரைக்கோடு வளைந்து மூக்கு நீட்டுகிற இடத்தில், நிலத்தைத் தொடாமல், நீல நிறத்தின்மேல் நின்றது கோவளம். வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தப் பெயரை அவர் தண்ணீரில்தான் எழுதினார். அப்போதெல்லாம் கடல் யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கடலுக்கு எல்லைக்கோடு கீறவும் அவருடைய மேசைக்கு யாரும் சொல்லியனுப்பியதில்லை. சரோஜினி கேட்டது நிலத்தை அல்ல. கோவளத்துத் தண்ணீரையும் நிம்மதியான நித்திரையையும்தான்.

"அப்ப நான் வர்றேங்க, ஐயா." முத்துலிங்கம் எழுந்து வாசலில் சப்பாத்தை மாட்டினான். கயிற்றை முடிந்துகொண்டே, பழகிய வாயால் கேட்டான்: "ஏதாச்சும் வேணுங்களா? வாங்கிட்டு வர்றேன்."

கௌரி அகப்பையும் கையுமாகத் தகப்பனைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டாளோ?

அந்த நேரம் மருதானைப் பக்கம் போகும் கோச்சி வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இந்த வீட்டின் வழக்கப்படி மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் கடந்து போகட்டும் என்று காத்து நின்றார்கள். கடைசிப் பெட்டியும் போய்க் கடலின் ஓசை திரும்பி வந்தபோது, சிவக்கொழுந்தர் கதிரையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, நில்லும்."

"சொல்லுங்க, ஐயா."

"அங்கையிருந்து கொண்டுவர ஒண்டும் இல்லை. இஞ்சையிருந்து கொண்டுபோக ஒண்டு இருக்கு." மாமரப் பக்கம் கையைக் காட்டினார். "எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அவவை உங்கட கோவளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கட மருமகனாய் நிண்டு கரைச்சுவிடுவீரோ?"